கேட்டுக்காரம்மாவின் கவுதி

என் கையெழுத்து கோட்டின்மேல் நிற்காது. பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. படிப்பவர்கள் தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். இதை எழுதச் சொன்னது என் மனைவி. "அந்தக் கதைய எங்கிட்டயே எத்தினி தடவதான் சொல்லுவீங்க? எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு. எழுதி வெச்சுட்டுப் பேசாம இருங்க" என்று, மகன் பாதி எழுதி விட்டுப்போன நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு மெத்தை தைக்கிற தொழில். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து உதறி, மறுபடி நிரப்பித் தைத்துக் கொடுப்பேன். மொபெட்டில் பஞ்சு மூட்டை, பஞ்சு அடிக்கிற வில், நீள ஊசிகள், நூல்கண்டு. மொரப்பூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ரயில்வே கேட் ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே கேட் இல்லை, தண்டவாளத்துக்கு அடியிலேயே பாதை போட்டுவிட்டார்கள். நான் சொல்வது அதற்கு முந்திய சமாசாரம். அந்த கேட்டில் வேலை பார்த்த அம்மாவைப் பற்றி.

அவர் பெயரை எழுதவில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கேட்டுக்காரம்மா என்றால் போதும். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குவார். கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பார். வண்டி வர ஐந்து நிமிடமும் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். அந்த நேரத்தில் அவர் செய்கிற காரியம் ஒன்றுதான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கேள்வி கேட்பது.

"ஏங்கண்ணா, புதுச் சட்டையா இருக்குது, எங்க பயணம்?" "யக்கா, அந்தக் கூடைல என்னா?" "என்னாங்க சார், நேத்து இந்நேரம் அந்தப் பக்கம் போனீங்க, இன்னிக்கு இந்தப் பக்கம் போறீங்க?"

கேட் சாத்தியிருக்கிறது. எங்கே ஓட முடியும்? எல்லோரும் பதில் சொல்வார்கள். பாதிப் பேச்சில் வண்டி வந்துவிடும். அவர் திரும்பி நின்று கொடியைக் காட்டுவார். வண்டி போனதும் கேட்டைத் தூக்குவார், ஆட்கள் கலைந்து போய்விடுவார்கள். கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அவர் விடமாட்டார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்காரர் ஒருவர் தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் தலை தெரிந்ததுமே கேட்டுக்காரம்மா ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து, 'மாப்ள சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சாரு'ன்னீங்க. கோயமுத்தூர் வண்டி வந்துடுச்சு. எந்திரிச்சு எங்க போனாரு?"

"கை கழுவத்தாம்மா போனாரு."

"கை கழுவத்தானா? அட போங்கண்ணா, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு."

சிலருக்குக் கோபம் வரும். ஒரு தடவை காரில் வந்த ஆள் ஒருவர், "உன் வேலை கேட்டைத் தொறக்கறது. வாயைத் தொறக்கறது இல்ல" என்றார். "ரெண்டையும் ஸ்டேஷன்ல கேட்டுத்தான் தொறக்கணும்னா நான் ஊமையாவே செத்துடுவேனுங்க சார்" என்றார் இவர். கார்க்காரரும் சிரித்துவிட்டார். கேட் திறப்பதற்குள் அவர் பெண் பார்க்கப் போகிறார் என்பதும், தம்பிக்காகத்தான் பார்க்கப் போகிறார் என்பதும், தம்பிக்கு அதில் இஷ்டமில்லை என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் சொன்னதை எடுத்து இன்னொருவரிடம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரிந்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்யமாட்டார்.

எனக்கோ நாலு பேர் நடுவில் வாயே திறக்காது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவும் வராது. அதனால் கேட் சாத்தியிருப்பது தெரிந்தால் தூரத்திலேயே புளிய மரத்தடியில் மொபெட்டை நிறுத்திக்கொள்வேன். ரயில் போன பிறகு, மற்ற வண்டிகளின் மறைவில் தாண்டிவிடுவேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒரு நாள் மரத்தடியில் நிற்கும்போதே கையைக் குவித்து அங்கிருந்து கத்தினார்.

"மெத்தைக்காரரே! உங்களுக்கு மட்டும் தனி கேட்டு கட்டித் தரணுமா? வாங்க இங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளிக்கொண்டு போனேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பயப்படாதீங்க. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கறீங்க. நீங்க எதுல படுக்கறீங்க?"

"பாய்லங்க."

ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போகும்வரை சிரித்தார். கொடி ஆடாமல் இருக்க வேண்டும் என்று கையை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

மற்றவர்களைக் கேட்பதைப்போலத் தன் கதையையும் துண்டு துண்டாகத்தான் சொல்வார். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் ரயில் போகும். அப்படிச் சேர்த்துத் தெரிந்துகொண்டது இது. அவர் பிறந்தது பென்னாகரத்துக்கு அப்பால், வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். கணவர் கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன், கிறிஸ்தவர். தண்டவாளத்தில் வேலை. இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். மாமியார் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. பேத்திக்கு மூன்று வயதில் இவர் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். மாமியார் அடக்கத்துக்கு வந்தார், மருமகளைப் பார்க்காமலே திரும்பிப் போனார். கணவர் வேலைக்குப் பதிலாகத்தான் இவருக்கு கேட் வேலை கிடைத்தது.

"திட்டியிருந்தாக்கூட என்னா திட்டுனாங்கன்னு தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தைகூடப் பேசாதவங்க மனசுல என்னா இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?" என்பார். உலகத்தில் எல்லோரிடமும் பதில் வாங்கிவிட்டவருக்கு அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் பதில் வரவில்லை.

அந்த மாமியாரும் ஒரு நாள் இறந்துபோனார். ஆறு மாதம் கழித்து நாத்தனார் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சதுரம் சதுரமாகத் தைத்த துண்டுகள், இருபத்தேழு. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் இருக்கும். சின்னச் சின்ன துணிகளை ஒட்டுப் போட்டு, அடியில் வெள்ளைத் துணி கொடுத்து, நாலு ஓரமும் மடித்துத் தைத்திருந்தார் மாமியார். துணிகளெல்லாம் பழசு. அந்த அம்மாவின் கல்யாணச் சேலை, அவர் வீட்டுக்காரரின் வேட்டிக் கரை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை. சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை ஆகும். இந்த மாதிரிப் போர்வையை கேட்டுக்காரம்மா வீட்டில் கவுதி என்பார்கள்.

"எங்கம்மா எம் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் தைச்சுட்டு இருந்துச்சு. எனக்கு ஊசி புடிக்க வராது. உங்க ஊர்ல இதெல்லாம் தைப்பாங்களாமே, முடிச்சுக் குடு. ஈஸ்டர் கழிச்சு கல்யாணம்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டார்.

மறுநாளே என்னை நிறுத்தினார் கேட்டுக்காரம்மா.

"தைச்சுக் குடுக்கறேன், அதுக்கென்ன. ஆனா ஒண்ணு பாருங்க. அவங்க வூட்ல யாரும் இப்படிப் போர்வை தைச்சு நான் பார்த்ததே இல்ல. அவங்க ஊர்ல கடைல கம்பளி வாங்குவாங்க. தைக்கறது நாங்கதான். இது யாருக்குத் தைச்சது? அது தெரியாம எப்படிங்க ஊசி போடறது?"

என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அது யாருக்குத் தைத்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மெத்தை பிரித்துத் தைத்தேன். வாசலில் மாதா படம். வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "மொரப்பூர் கேட்டுல ஒருத்தி இருக்கறாளே, தெரியுமாங்க?" என்றார். தலையை ஆட்டினேன். "அவளும் ஒரு புள்ளயும் ஒண்ணாப் படுத்தா எத்தினி அளவு போர்வை வேணும்?" என்றார். அஞ்சடிக்கு ஆறடி என்றேன். மடியிலிருந்து ஒரு சதுரத் துண்டை எடுத்துக் காட்டினார். "அவுங்க ஆளுங்க இத எப்படித் தைப்பாங்க? நீங்க நாலு ஊருக்குப் போறவரு, பார்த்திருப்பீங்களே. ஏதாச்சும் முறை இருக்குதா?"

பென்னாகரத்துப் பக்கம் பார்த்திருக்கிறேன். கவுதியைத் தைத்து முடித்து, கடைசி மூலையை மூடுவதற்கு முன்னால் அதற்குள் ஒரு சிட்டிகை கேவுரு, அதாவது கேழ்வரகு, போட்டுத் தைப்பார்கள். போர்வைக்கும் ஒரு வயிறு உண்டு, அது காலியாக இருக்கக் கூடாது, போர்த்துகிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று வழக்கம். இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. "மூலைல ஒரு சிட்டிகை கேவுரு வெச்சுத் தைப்பாங்க" என்றேன், அவ்வளவுதான். கடைசி மூலையில், ஒரே ஒரு தடவை என்று சொல்லவில்லை. கிளம்பும்போது, இதைப் பற்றி மருமகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கேட்டுக்காரம்மா கேட்ட அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். செத்துப்போனவருக்குக் கொடுத்த சத்தியம் என்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வண்டியை எடுத்தேன். நாளை ஆனதும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. அப்படியே ஒவ்வொரு நாளும் கனம் கூடிக்கொண்டே போயிற்று.

அவரோ கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரையும் விடவில்லை. மாதா கோவிலில் பூசைக்கு உதவுகிறவர், பால்காரர், மாமியார் வீட்டுக்குக் களை எடுக்கப் போனவர்கள். "எங்க அத்தை போர்வை தைச்சதப் பார்த்தீங்களா? யாருக்குன்னு சொன்னாங்களா?" களை எடுத்த ஒருவர் மட்டும், "கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ தைச்சுட்டிருக்கும்" என்றார். "கதவை ஏன் சாத்தணும்? பேத்தி கல்யாணத்துக்குத் தைக்கறவங்க கதவைச் சாத்துவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

முப்பது சதுரம் இருந்தால்தான் அளவு வரும். மூன்று குறைந்தது. அந்த மூன்றையும் தானே தைத்தார். துணிக்கு கேட்டில் நிற்பவர்களையே கேட்டார். சும்மா வாங்கமாட்டார். யாருடையது, எங்கே வாங்கியது, எப்போது கிழிந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். வாழைத்தார்க்காரர் தன் தலைத்துண்டில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். "மாப்ள கை தொடைச்ச துண்டா இது?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நான் மெத்தைக்குப் போடுகிற நீலக் கோடு போட்ட துணியில் ஒரு துண்டு கொடுத்தேன். "இதுக்கு ஒரு கதையும் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். அது உண்மைதான்.

சதுரங்களை ஒன்றாகச் சேர்க்க என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாத்தனாரும் பூசை முடிந்து, வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார். ஒரு சதுரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஓரத்தை நேர் செய்யலாம் என்று மூலையில் தையலைப் பிரித்தேன். சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னதாக ஏதோ கொட்டி உருண்டது.

"ஐய, எலிப் புழுக்கையா?" என்று நாத்தனார் காலைத் தூக்கிக்கொண்டார்.

கேட்டுக்காரம்மா குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "ராகி" என்றார்.

கம்போ சோளமோ என்றால் அத்தனை நாளில் பூச்சி விழுந்து மாவாகியிருக்கும். கேவுருக்கு ஒன்றும் ஆகாது. நேற்றுப் போட்டதுபோல இருந்தது. அவர் அடுத்த சதுரத்தை எடுத்து மூலைகளை விரலால் நசுக்கிப் பார்த்தார். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. தையல் தடிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கேவுரு. இருபத்தேழு சதுரத்திலும், ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில், ஒரு சிட்டிகை. நான் பாதி சொன்ன பதில், அந்த அம்மா தைத்த ஒவ்வொரு சதுரத்திலும் உட்கார்ந்திருந்தது.

"இது எங்கூட்டு வழக்கம்" என்றார் கேட்டுக்காரம்மா. குரல் இறங்கிவிட்டது. "கவுதிக்கு வயிறு காயக் கூடாதுன்னு வெப்போம். இது எனக்குத் தைச்சது. எனக்கும் எம் புள்ளைக்கும்."

நாத்தனார் ஒரு சதுரத்தை எடுத்து மூலையை நசுக்கிப் பார்த்தார். பிறகு, "உங்கூட்டு வழக்கம் எங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்? எங்கண்ணன் இருந்தப்பவே உன்னப் பத்தி ஒரு வார்த்தை காதுல வாங்காது. நீயே வெச்சுத் தைச்சிருக்கற" என்றார்.

"நான் வெச்சிருந்தா ஒரு மூலைலதான் வெச்சிருப்பேன். அதுவும் கடைசில. இருபத்தேழுலயும் வெக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போர்வைமேல ஆசைன்னா ஆசைன்னு சொல்லு. எங்கம்மா பேரச் சொல்லிப் பொய் சொல்லாத. முடிச்சு வெய்யி, வந்து எடுத்துக்கறேன்."

அவர் போன பிறகு கேட்டுக்காரம்மா தரையில் சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எல்லாவற்றையும் அதே மூலையில் போட்டுத் தைத்தார். நிமிராமலே கேட்டார்.

"எங்க அத்தைக்கு யாருங்க சொல்லியிருப்பாங்க?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் கோத்த பிறகும் கோத்துக்கொண்டே இருந்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எதையும் பாதியில் விடாதவர், அதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கேட்டில் சத்தம் குறைந்துபோயிற்று. கேட்டை இறக்குவார், கொடியோடு நிற்பார், தூக்குவார். வாழைத்தார்க்காரர் தானாகவே, "அம்மா, மாப்ள மறுபடியும் வந்துட்டாரு" என்று ஆரம்பித்தார். "அப்படிங்களா" என்றதோடு சரி. பொய்க்காரி என்ற பேச்சு அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்தவர் சொன்னதை நம்பித்தான் அவர் வாழ்ந்தார். அவர் சொன்னதை ஒருவர் நம்பவில்லை. அதை நம்பவைக்கக்கூடிய ஒரே ஆள் நான். தினமும் இரண்டு தடவை அவர் எதிரில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தேன். புளிய மரத்தடிக்குப் போகக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே நின்றால் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. அடியில் இரண்டு பழைய நூல் சேலைகளை விரித்து, மேலே முப்பது சதுரங்களையும் சேர்த்து, கோடு கோடாக ஓட்டுத் தையல் போட்டு முடித்தோம். கடைசி மூலை மட்டும் திறந்திருந்தது. அவர் டப்பாவிலிருந்து கேவுரை எடுக்கவில்லை.

"நம்ம பங்கு ஒண்ணும் வேணாம். அத்தை நெறயவே போட்டிருக்கறாங்க" என்று சொல்லி மூலையை மூடி நூலை அறுத்தார். மடித்துப் பையில் வைத்தார். நான் ஊசிகளை எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வந்தார். கையில் அன்றைய பூசையில் கொடுத்த குருத்தோலை. பையைப் பிரித்து மேலோடு பார்த்தார். மூலைகளை அமுக்கினார்.

"இன்னும் உள்ளயே இருக்குது. பிரிச்சுக் கொட்டலையா?"

"அத்தை வெச்சத நான் எப்படிக் கொட்டறது?"

"மறுபடியும் அதையே சொல்ற பாரு. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா…"

"நான்தானுங்க சொன்னேன்."

என் குரல்தான். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தது, அளவு கேட்டது, துண்டைக் காட்டியது, நான் பாதி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. வியர்வை சட்டை நனைகிற அளவுக்குக் கொட்டியது.

நாத்தனார் நம்பவில்லை. "எங்கம்மா உங்ககிட்ட எதுக்குச் சொல்லுது? சரி, போறப்ப சத்தியம் வாங்குச்சுன்னீங்களே. என்னான்னு வாங்குச்சு? அப்படியே சொல்லுங்க பார்க்கலாம்."

"அது… சொல்லக் கூடாதுங்க."

"சொல்லுங்க" என்றார் கேட்டுக்காரம்மா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் பழைய குரலைக் கேட்டேன்.

"'அந்தக் கழுதைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஏன், எதுக்குன்னு கேட்டு உசுர வாங்கிடுவா'ன்னு சொன்னாங்க."

தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பண்டிகை நாளில், ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரம்மாவைக் கழுதை என்று சொல்லிவிட்டேனே.

"எப்படிச் சொன்னாங்க?" என்றார் கேட்டுக்காரம்மா. "கோவமா, சிரிச்சுட்டா?"

"முகத்தப் பாக்கலீங்க."

"பக்கத்துலதான உக்காந்திருந்தாங்க?"

"எனக்குப் பாக்க வராதுங்க."

நாத்தனார் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "சிரிச்செல்லாம் இருக்காது" என்றார், யாரிடமோ பேசுவதுபோல. "எங்கம்மா வெளியாளுங்கள ஒரு நாளும் வாய் தவறிக்கூட அப்படிப் பேசாது. வாங்க, போங்க, அவங்க, இவங்கதான். உன்ன எங்ககிட்ட இத்தினி வருசமா 'அந்தம்மா'ன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. கழுதைன்னு என்னச் சொல்லும். எங்கண்ணனச் சொல்லும். வேற யாரையும் சொல்லாது."

கொஞ்ச நேரம் குருத்தோலையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு எழுந்தார். "மணி ஆச்சு, பஸ் போயிடும். கல்யாணத்துக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டு முந்தின நாளே வந்துடு" என்றார். பை கட்டிலிலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை.

அவர் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்காரம்மா வாசலில் நின்றார். உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எத்தனை நாளாகத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் கேட்கப் போகிறார் என்று நான் பதில்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

"எதுங்க?"

"அவங்க என்னச் சொன்னத."

"கழுதைங்க."

"எங்க அத்தை 'ங்க' போட்டா சொன்னாங்க? அவங்க சொன்னாப்புலயே சொல்லுங்க."

என் வாழ்க்கையில் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னவன் இல்லை நான். சொன்னேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டில் மற்றவர்கள் பேசும்போது நிற்பாரே, அதே மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்தது: மாசி மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.